சொந்த மனையில் வீடு: மாஞ்சோலை என்னும் மலைக்கிராமத்தின் நிலமும் வரலாறும்

(ஜூலை 23 நினைவு நாளையொட்டி காஞ்சிபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் 17 பேர் செத்துப்போனார்கள். அவர்களை நினைத்துத்தான் இங்கே கூடியிருக்கிறோம். இதுபோன்ற கூட்டங்களில் நாம் பெரும்பாலும் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசுகிறோம். தடியடி, ஆறு, மிதந்த உடல்கள், விசாரணை ஆணையம். அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த ஊர்வலத்தின் கோரிக்கை ஒரு மலையிலிருந்து இறங்கி வந்தது. அந்த மலையில் ஓர் ஊர் இருந்தது. அது எப்படி உண்டானது, இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதை நாம் போதுமான அளவு பேசியதில்லை. இன்று அந்த ஊரைப் பற்றிப் பேசலாம்.

ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் பட்டுத்தறி ஊரான காஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று இளைய தோழர்கள் கேட்கலாம். அதனால் நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

உத்திரமேரூரும் செங்கல்பட்டும்

உத்திரமேரூர்க் கல்வெட்டு நம் எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. குடவோலை முறையைச் சொல்வதால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழரின் ஜனநாயகம் என்று எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் குடத்தில் யார் பெயர் விழலாம் என்பதற்கான தகுதிகளும் அதே கல்லில் இருக்கின்றன. வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சபை என்பது தனிக்கதை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்தக் கடைசித் தகுதியை. ஊரில் ஓர் ஆளாக எண்ணப்பட வேண்டுமானால் காலுக்குக் கீழே உள்ள மண் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து 970 ஆண்டுகள் தாண்டி வருவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். காஞ்சிபுரமும் அந்த மாவட்டத்தில்தான் அடங்கியிருந்தது. அவர் கண்டு சொன்ன விஷயங்களில் ஒன்று, சேரி மனையே மிராசுதாருடையது என்பது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், வீட்டைக் காலி செய் என்று மிராசுதாரால் சொல்ல முடிந்தது. அதாவது வேலை கொடுப்பவனே வீட்டுக்கும் சொந்தக்காரன். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்களை மீட்பதற்காக இதே மண்ணில் 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தையும், அதில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரையும் இந்த அவைக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மாஞ்சோலையின் வரலாறு இந்தக் கேள்வியின் மலை வடிவம்.

மலையின் அமைப்பு

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்திலிருந்து மணிமுத்தாறு அணைக்கு வருகிறோம். அணையை ஒட்டி வனத்துறைச் சோதனைச் சாவடி. அருவியைத் தாண்டினால் வளைந்து வளைந்து ஏறும் குறுகலான சாலை. அந்தச் சாலையில் வரிசையாக ஐந்து பெயர்கள் வருகின்றன: மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. வெளியே உள்ளவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாஞ்சோலை என்கிறோம். ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் உயரம். சுற்றிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கும் யானையும் புலியும் வாழும் காடு. 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இந்த ஊர்களைச் சூழ்ந்து நிற்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்கு ஊத்தும் நாலுமுக்கும் காக்காச்சியும் பழகிய பெயர்கள். மாநிலத்திலேயே அதிக மழை பெய்த இடங்களின் பட்டியலில் அடிக்கடி முதலில் வருபவை அவைதான். அந்த மழையில்தான் கொழுந்து பறித்தார்கள். அட்டை கடித்த கால்களோடு, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பறித்தார்கள்.

மலைச்சரிவில் விழும் மழை மணிமுத்தாறாக இறங்கி அணையில் தேங்குகிறது. பிறகு தாமிரபரணியில் கலக்கிறது. அங்கிருந்து வயல்களுக்கும் நகரங்களின் குழாய்களுக்கும் போகிறது. திருநெல்வேலியில் கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி ஓடுவதும் அந்த ஆறுதான். இந்த நீர்வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

மூன்று கைகள் மாறிய நிலம்

இந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. திருவிதாங்கூர் மன்னருக்குச் செய்த படை உதவிக்குப் பரிசாகக் கிடைத்த காடு என்பது ஜமீன் சொல்லும் கதை. 1919இல் சென்னையில் டி லா ஹே என்ற ஆங்கிலேயப் பள்ளி முதல்வர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜமீன் வாரிசுகளுக்காக நடந்த பள்ளி அது. அந்த வழக்கில் சிங்கம்பட்டி வாரிசும் சிக்கினார். அந்த வழக்குக்குச் செலவழித்த கடனை அடைக்கத்தான் காட்டைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், 1929இல் 8,373 ஏக்கர் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்.

இந்தக் கம்பெனியின் பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. 1863இல் தொடங்கி, பர்மாவில் தேக்கு வெட்டிய கம்பெனி அது. கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதற்காகத் தீபோ மன்னரின் அரசு அதற்குப் பெரும் அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்து 1885இல் பிரிட்டிஷார் படையெடுத்து, மன்னரை நாடு கடத்தி, மேல் பர்மாவை இணைத்துக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் வாடியா குழுமத்தின் நிறுவனமாகத் தொடர்கிறது. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரச்சினைக்காக ஒரு நாடே கைமாறிய வரலாறு அது. ஆனால் நம்மில் பலர் மாஞ்சோலைத் தேயிலையை மட்டும்தான் அறிந்திருக்கிறோம்.

மழைக்காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வந்தது? திருநெல்வேலிச் சமவெளியிலிருந்து, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து, கேரளத்திலிருந்து. பெரும்பான்மையோர் தலித்துகள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பது தென்னிந்தியத் தோட்டங்கள் எங்கும் இருந்த வழக்கம். முன்பணம் என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டு முறுக்கும் கொட்டகையிலும் தறிக்குழியிலும் பிள்ளைகள் உட்கார்ந்த ஊர் இது.

ஆனாலும் அவர்கள் மலை ஏறியதற்குக் கடன் மட்டும் காரணம் இல்லை. கீழே ஊர், சேரி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேலே லயன் வீடுகளில் பல சாதியாரும் மதத்தாரும் சுவருக்குச் சுவர் குடியிருந்தார்கள். கோயிலும் தேவாலயமும் மசூதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மலையிலிருந்து இறங்கி வந்தவர்களிடம் பேசினால், குளிரையும் அட்டையையும் சொல்லி முடித்த பிறகு இதைத்தான் சொல்கிறார்கள்: அங்கே யாரும் எங்களை என்ன சாதி என்று கேட்கவில்லை. கிராமம் என்றால் என்ன என்பது பற்றி 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் சொன்னதைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தெரியும். துரை பங்களாவுக்கும் லயனுக்கும் இடையே இருந்த தூரத்தை மறைக்க வேண்டியதில்லை. அது வர்க்கத்தின் தூரம், நிறத்தின் தூரம். ஆனால் லயனுக்குள் கிராமத்தின் சாதிக் கோடு மங்கியிருந்தது.

நாட்டுச் சுதந்திரத்துக்குப் பிறகு 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசின் கைக்கு வந்தது. காட்டின் உடைமை அரசுக்கு மாறியது. கம்பெனியின் குத்தகை மட்டும் மாறாமல் தொடர்ந்தது. ஜமீன் போன பிறகும் சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அமர்ந்து காட்சி கொடுத்தார். 2020இல் அவர் இறந்தபோது கடைசி ராஜா மறைந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. நிலம் போனாலும் பட்டம் நிலைத்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களுக்கு நிலமும் வரவில்லை, பட்டமும் வரவில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றது. அது போராடிப் பெற்ற நல்ல சட்டம். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடியும். அதனால் வீட்டைக் காப்பாற்றப் பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலைக்கு வந்தாக வேண்டும். தாத்தா நட்ட செடியில் பேத்தி கொழுந்து பறித்ததற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதும் காரணம்.

ஆக, ஜமீன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கிறது. அரசு ஜமீனிடமிருந்து எடுத்துக்கொண்ட ஆணை இருக்கிறது. 2018இல் அந்தப் பகுதியைக் காப்புக்காடாக அறிவித்த ஆணை இருக்கிறது. ஜமீன், கம்பெனி, அரசு என்று நிலம் மூன்று கைகள் மாறியது. அங்கே வாழ்ந்தவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமாவது இருக்கிறது என்று எழுதிய காகிதம் மட்டும் இல்லை.

ஆற்றங்கரை

1998இல் கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். புதிய தமிழகம் கட்சி அதைக் கையில் எடுத்தது. 1999 ஜூனில் ஆட்சியர் அலுவலகத்தில் போராடியவர்கள், பெண்கள் உட்பட 652 பேர், கைதாகிச் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுதலை செய்யவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கோரித்தான் ஜூலை 23 ஊர்வலம். புதிய தமிழகத்தோடு த.மா.கா.வும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் நடந்தார்கள். ஆட்சியர் அலுவலகத்தை நெருங்கியபோது போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. மக்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் இறந்தார்கள். இருவர் பெண்கள். இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தையும் அதில் அடக்கம். நீதிபதி மோகன் ஆணையம் 11 பேர் நீரில் மூழ்கியும் 6 பேர் காயங்களாலும் இறந்ததாகச் சொன்னது. போலீஸ் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் அந்த நியாயத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

நீர்வழியை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னோம் இல்லையா? தங்கள் மலையில் பெய்த மழை ஓடும் ஆற்றின் கரைக்குத் தங்கள் கூலியைக் கேட்க வந்தார்கள் மாஞ்சோலைக்காரர்கள். அவர்களுக்காக நடக்க வந்த சமவெளி மக்களும் அங்கே செத்தார்கள். அதனால்தான் அது ஒரு தோட்டத்தின் போராட்டமாக மட்டும் நின்றுவிடாமல் தென்மாவட்ட தலித் மக்களின் போராட்டமாக ஆனது.

ஊர் காலியானபோது

குத்தகை 2028 பிப்ரவரி வரை இருந்தது. கம்பெனி அதுவரை காத்திருக்கவில்லை. 2024இல் தோட்டத்தை மூடுவதாக அறிவித்து, 500க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்றது. அந்த ஆண்டு ஜூன் 14 கடைசி வேலை நாள். பெயர்தான் விருப்ப ஓய்வு. கையெழுத்துப் போடாவிட்டால் வேலையும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலையில் விருப்பத்துக்கு எங்கே இடம்? கையெழுத்துப் போட்டதும் அடுத்த கேள்வி தானாக வந்தது: வீட்டை எப்போது காலி செய்கிறீர்கள்?

மக்கள் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும், நாங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. அரசு சொன்ன மறுவாழ்வுத் திட்டத்தை நிறைவேற்றச் சொன்னது. கீழே வேறிடத்தில் வீடு, கடன் உதவி, இப்படியான திட்டம். நான்கு தலைமுறையாக மலையில் வாழ்ந்தவர் கீழே எங்கே இறங்குவார்? தாத்தா விட்டு வந்த சேரிக்கா? அங்கே அவருக்கு மனை இல்லை. அங்கே அவரை என்ன சாதி என்று கேட்பார்கள்.

காடு பற்றி ஒரு வார்த்தை

காடு காடாகட்டும், புலிக்கு இடம் வேண்டும், தாமிரபரணிக்கு நீர் வேண்டும் என்கிறார்கள். இதை எதிரியின் வாதம் என்று தள்ளிவிட வேண்டாம். அந்த மழைக்காடு நமக்கும் வேண்டும். ஆனால் கணக்கை நேராகப் போட வேண்டும். காட்டை வெட்ட முடிவு செய்தவர்கள் யார்? அதில் லாபம் எடுத்தவர்கள் யார்? வெட்டச் சொன்னவர் லாபத்தோடு போய்விட, கூலிக்கு வெட்டியவரின் பேரப்பிள்ளை ஆக்கிரமிப்பாளர் ஆகிறார். காடு மீள வேண்டும் என்றால் அதற்கும் கை வேண்டும். தேயிலையைப் பிடுங்கிச் சோலை மரங்களை வளர்க்கும் வேலைக்கு, அந்த மலையின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்த இவர்களைவிடத் தகுதியானவர் யார்? அவர்களை அங்கேயே குடியமர்த்தி அந்த வேலையைத் தரலாமா என்று அரசும் சூழலியல் நண்பர்களும் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இங்கே கவனிக்க வேண்டியது. பழங்குடி அல்லாதவர்களும் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்தால் உரிமை கோரலாம் என்கிறது அது. 75 ஆண்டுகளைக் கழித்தால் 1930 டிசம்பர் வருகிறது. மாஞ்சோலைக் குத்தகை 1929. முதலில் ஏறியவர்களின் குடும்பங்கள் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன. கூலித் தொழிலாளி காட்டைச் சார்ந்து வாழ்பவர் ஆவாரா என்று எதிர்வாதம் உண்டு. அதை எதிர்கொள்ள வேண்டும். ஆனால் அதே சட்டம் கிராமம் என்பதற்குத் தரும் வரையறையில், அரசு கிராமமாக அறிவிக்காத குடியிருப்புகளும் அடங்கும். அந்தச் சட்டத்தின் விதிகளில் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி எடுத்தாலும் அது ஒரு சான்று. வேலைப் பதிவேடுகள் கம்பெனியின் கையில் இருக்கும். நினைவு மக்களின் கையில் இருக்கிறது. அந்த நினைவை எழுதி வைக்க நமக்கு நாள் அதிகம் இல்லை. ஊர் கலைந்தால் பெரியவர்கள் பத்துத் திசையில் போய்விடுவார்கள்.

அரசால் முடியாது என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் அவர்களில் பல லட்சம் பேர் இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தரத்தான் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை நட்டது, டான்டீயை உண்டாக்கியது. அந்த நிறுவனம் பிறகு நட்டத்தில் தத்தளித்தது என்பதும் உண்மை. அங்கேயும் லயன் வீடு வேலையோடு ஒட்டிய வீடுதான். ஆகவே டான்டீ வந்தால் எல்லாம் தீரும் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனி நடத்தினாலும் அரசு நடத்தினாலும் வேலையையும் வீட்டையும் பிரிக்க வேண்டும் என்கிறோம். வேலை போகலாம், தேயிலை விலை விழலாம். வீடு நிற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களுக்கு இரண்டு வேலைகள் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, மாஞ்சோலையிலிருந்து இறங்கிய பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்வது. எந்த ஆண்டு யார் ஏறினார்கள், எந்த லயனில் இருந்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள், எந்த ஆண்டு எவ்வளவு கூலி. கதையாக மட்டும் எழுதாமல் ஆண்டும் இடமும் சேர்த்து எழுதுங்கள். நாளை அது இலக்கியமாகவும் இருக்கும், வழக்குக்கும் உதவும்.

இரண்டாவது வேலை இங்கே, நம் மாவட்டத்தில். உங்கள் சேரியில் எத்தனை வீடுகளுக்கு மனைப் பட்டா இருக்கிறது என்று தெரு வாரியாகக் கணக்கெடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். அதில் பஞ்சமி நிலமாகக் குறிக்கப்பட்ட சர்வே எண்களை எடுத்து, இன்று அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மறுபடியும் போங்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் சொந்த மனை இல்லாதவன் பெயர் குடத்தில் விழவில்லை. இன்று நம் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. மாஞ்சோலை மக்களின் பெயரும் இருந்தது. தேர்தல்தோறும் மலையிலேயே வாக்களித்தார்கள். அந்த வாக்கு அவர்களுக்கு ஒரு மனையைத் தரவில்லை. தாமிரபரணியில் இறந்த 17 பேருக்கு நாம் செய்யும் மரியாதை, அந்த மனையைக் கேட்டுக்கொண்டே இருப்பது.